இருபத்திரண்டு மீட்டர்

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
ஹாவிஸ்கோவில் எலும்புகள் உடையும்.
மணிக்கட்டு, இடுப்பு, முன்கை.
எங்கே விழுந்தார்கள் என்று மருத்துவமனைக்குத் தெரியும்.
எங்கே சல்லி தூவினோம் என்று எங்களுக்குத் தெரியும்.
இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே
ஒரு பேருந்து நிறுத்தம்,
பதினோரு ஆண்டுகள்.

நான் நகராட்சியில், தெருப்பிரிவு.
ஆறு லாரி. விடிகாலை நான்கு மணி. பொடித்த கருங்கல்.
எந்தத் தெரு முதலில் என்பதை
எனக்கு முன்னிருந்தவர் என்றோ முடிவுசெய்தார்,
தன் வீட்டு வாசலில் தொடங்கி.

ஹில்ப்பா மருத்துவமனைப் புள்ளிவிவரக்காரி.
கூட்டத்தில்தான் முதலில் பார்த்தேன்.
தரலாமே என்றாள்.
தரக் கூடாது என்றார் அவர்களுடைய வக்கீல்.
தந்தால் வாங்கலாமா என்பதையும்
பார்க்க வேண்டும் என்றார் எங்களுடையவர்.
காபி வந்தது. ஏலக்காய் ரொட்டி வந்தது.
அடுத்த கூட்டத்துக்குத் தேதி வந்தது.

வக்கீல்களைக் குறை சொல்ல மாட்டேன்.
எழுபத்தாறு வயதில், மதுக்கடை வாசலில்,
வானம் பார்க்க விழுந்தேன் என்பதை
ஒரு மனிதர் நகராட்சிக்கு ஏன் சொல்ல வேண்டும்?
அந்தக் கதவை
நானும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

வேறு தடைகள் இருந்தன. சின்னவை.
சட்டத்தைவிடப் பிடிவாதக்காரவை.
அவர்கள் இடத்தை வாக்கியமாக எழுதுவார்கள்:
'கடைக்குப் பின்னால்'
'நூலகத்துக்கு முந்தின வளைவு'
'வழக்கமான இடம்'.
நாங்கள் எண்ணாக எழுதுவோம்.
அவர்களுடைய நாள் நள்ளிரவில் பிறக்கும்,
எங்களுடையது லாரி கிளம்பும்போது.
ஆகவே இரவு இரண்டு மணிக்கு விழுந்தவர்
அங்கே செவ்வாய்க்கிழமை விழுந்தார்,
இங்கே திங்கட்கிழமை.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
பேருந்துக்கு நிற்கையில் ஹில்ப்பா கேட்டாள்:
உண்மையில் உனக்கு என்னதான் வேண்டும்?

நாங்கள் எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும்
'தொடர்புடைய தரவுகள் அனைத்தும்' என்றிருக்கும்.
அதை எழுதியதே நான்தான்.
யோசித்தேன். மூச்சு கழுத்துத்துணியில் உறைந்தது.

பெயர் வேண்டாம். வயது வேண்டாம்.
எந்த எலும்பு என்பதும் வேண்டாம்.
எந்த இடம், எத்தனை மணி.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான்.

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே
என்றாள். பேருந்து வந்துவிட்டது.

வக்கீல் ஒரு நிபந்தனை சேர்த்தார்:
மூவருக்குக் குறைவாக விழுந்த இடத்தைச்
சொல்ல மாட்டோம்.
நியாயம்.
ஆம்புலன்ஸ் ஓட்டும் வில்ஹோ
இரண்டு நாள் அவள் அறையில் உட்கார்ந்து
வாக்கியங்களைப் புள்ளிகளாக்கினார்.
நூலக வளைவு எது என்பதில் மட்டும்
இருவருக்கும் சண்டையாம்.

மே மாதம் வரைபடம் வந்தது.
நாங்கள் மூன்று முறை தூவும் குன்றுச்சாலையில்
ஏறக்குறைய ஒன்றுமில்லை.
பாலத்தில் கொஞ்சம்.
பிறகு ஓரிடத்தில், ஈ மொய்த்ததுபோல.

பேருந்து நிறுத்தத்திலிருந்து
மருத்துவமனை வாயில் வரை
இருபத்திரண்டு மீட்டர் நடைபாதை.
எங்கள் வரைபடம் நிறுத்தக் கம்பத்தோடு முடிகிறது.
அவர்களுடையது வாயில் தூணில் தொடங்குகிறது.
நடுவில், கூரைநீர் பகலில் சொட்டி
இரவில் கண்ணாடியாகிறது.
கால் உடைந்தவர்கள்
கட்டுப் பிரிக்க வரும் வழி.
அங்கே நின்றுதான்
அன்று பேசிக்கொண்டிருந்தோம்,
ஆளுக்கொரு கையால் கம்பியைப் பிடித்தபடி.

அந்த இருபத்திரண்டு மீட்டருக்கு
சல்லிச் செலவு யாருடையது என்று
இப்போது ஒரு கூட்டம் நடக்கிறது.
காபி வருகிறது.

நவம்பர் வந்தது.
ஓட்டுநர் தௌனோ நான்கரைக்கு வண்டியைத் திருப்பி
அங்கே ஒரு வீச்சு வீசிவிட்டு
வானொலியில் கூப்பிட்டார்:
பதிவேட்டில் எந்தத் தெரு என்று போட?

எண்ணைத் தேடினேன். எங்களிடம் இல்லை.
போடுங்கள் என்றேன்,
'வழக்கமான இடம்'.